நடுவே நிற்கும் கூட்டம்

துடியலூர்
4.1.2026

அன்புள்ள அக்கா,

நலமா? எல்லோரும் தூங்கியபின் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். பதிலைத் தோழி யுஸ்ரா வீட்டு முகவரிக்குப் போடு. மாட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம்.

கிருபா அண்ணனுக்குத் தைக் கடைசியில் கல்யாணம். இணைச்சீர்ச் சடங்கில் மாப்பிள்ளை பக்கத்தில் மூத்த சகோதரியான நீதான் உட்கார வேண்டும். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டதால் என்னை உட்காரச் சொல்கிறார்கள். "அவ வந்தா நான் மண்டபத்துல இருக்க மாட்டேன்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருந்தாயே, அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளும், உலோகத்துக்குள் எலக்ட்ரான் கூட்டம் சூழ்ந்து அந்த விலக்கலை மட்டுப்படுத்தும், அதனால் அவை கூடுதலாக நெருங்கும் என்று. மண்டபத்திலும் உனக்கும் அப்பாவுக்கும் நடுவே ஆயிரம் பேர் இருப்பார்கள். வா அக்கா.

நவ்யா

கொல்கத்தா
13.1.2026

அன்பு நவ்யா,

சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாய். ஒன்றை விட்டுவிட்டாய். மிக அருகில் போனபின் நடுவே எலக்ட்ரான் இருக்காது. விலக்கல் முழுசாக இருக்கும். மிச்சத் தூரத்தை அவை இரண்டும்தான் கடக்க வேண்டும். பெரும்பாலும் திரும்பிவிடும்.

வருகிறேன். கடைசி வரிசையில் இருப்பேன்.

புவனா

துடியலூர்
9.2.2026

அன்புள்ள அக்கா,

நேற்று சாப்பிடாமல் போய்விட்டாய். அப்பா உன்னைப் பார்த்தார். மண்டபத்தை விட்டுப் போகவில்லை.

சீர் செய்யும் அருமைக்காரர், "ஏனுங்க, மூத்தவங்க இருக்காங்களா?" என்று வழக்கப்படி கேட்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா உன்னைப் பார்த்தார். நீ எழவில்லை. "அம்மணி, நேரமாகுதுங்க" என்று என்னை அவசரப்படுத்தினார்கள். பயத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் அப்பா அம்மாவிடம், "கேட்டப்ப அவளே வந்திருக்கலாம்ல" என்றார்.

"நீங்க ஒரு வார்த்தை கூப்புட்டிருக்கலாம்லங்க. வாயில கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா.

இதுவரை எழுதியிருந்தபோது அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். ஒளிக்க நேரமில்லை. யாருக்கு என்று கேட்டார். அக்காவுக்கு என்றேன்.

அப்பா ஃபேனைக் குறைத்துவிட்டு, "தாள் பறக்குது பாரு" என்றார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் தூங்கப் போகவில்லை.

நவ்யா