ஆட்சேபணை இல்லை

மார்ச் 3, திங்கள்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு ஒரே ஓர் ஆசிரியர் பணி. அது சகலைக்கு.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பஸ் கழகத்தில் எனக்கு ஏழு வருடம் பின்னால் சேர்ந்தவன். நான் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் கிடையாது. பணிமனைக்கு வந்த புதிதில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றவனுக்கு நான்தான் கை காட்டிக் காட்டி வண்டியை உள்ளே விட வைத்தேன்.

அந்த வேலை இனி எப்போது காலியாகும்? பழைய ஆசிரியர் இருபத்திரண்டு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன்.

பலகை முன்னால் நின்று எல்லோரும் பார்க்கக் கை கொடுத்தேன். சிரிக்கவும் சிரித்தேன். கன்னம் வலிக்கிறது.

மார்ச் 4

பொறாமைதான். வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது?

மார்ச் 9, ஞாயிறு

மாமனார் வீட்டில் எல்லோரும். சகலை வெள்ளைச் சட்டையில் வந்தான். ஓட்டுநருக்கு நீலம், ஆசிரியருக்கு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை யாராவது வேலைச் சட்டையைப் போடுவார்களா? "மாமா பாக்கணும்னு கேட்டாருண்ணே" என்றான். கேட்டிருப்பார். தோளைத் தடவித் தடவிப் பார்த்தார், மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி.

நாலு வருடம் முன்பு எனக்குச் சிறந்த ஓட்டுநர் பதக்கம் கிடைத்தபோது இதே மாமனார் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். இன்றைக்கு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஃபேன் ஸ்விட்ச் எங்க இருக்கு, பாருங்க."

என் வண்டியின் கண்டக்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அரசு அலுவலகத்தில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் மனுப் போட்டுக் கேட்கலாமாம், கொடுத்தே ஆக வேண்டுமாம். கையில் ஆதாரம் இருந்தால், பட்டியல் வந்த மூன்று மாதத்துக்குள் முறையீடு செய்து தேர்வையே மாற்றலாம். ஜூன் மூன்று வரை நேரம் இருக்கிறது. கேட்கப்போகிறேன். குட்டு வெளிப்படட்டும்.

மார்ச் 12, புதன்

மனு எழுதித் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் போட்டேன். நான்கு பக்கம். சுருக்கம் இதுதான்: எனக்கு ஏன் கிடைக்கவில்லை? அவருக்கு ஏன் கிடைத்தது?

மார்ச் 27, வியாழன்

மூக்கு உடைந்தது. மனு திரும்பி வந்துவிட்டது. அச்சடித்த இரண்டே வரி: "காரணம், கருத்து, விளக்கம் ஆகியவை ஆவணம் ஆகா. வேண்டிய ஆவணத்தைக் குறிப்பிட்டு, அதை வைத்திருக்கும் அலுவலகத்தில் விண்ணப்பிக்கவும்."

பதினைந்து நாள் போயிற்று. அதற்குள் சகலை பயிற்சிப் பள்ளியில் உட்கார்ந்துவிட்டான். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறானாம். என் மச்சினி, அவன் மனைவி, போனில் சொன்னாள். நான் கேட்டேனா?

மார்ச் 28, வெள்ளி

வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் ஒரு அம்மா மடக்கு மேசை போட்டு மனு எழுதித் தருகிறார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு என் நான்கு பக்கத்தையும் படித்தார். படித்து முடித்து, பாவம் என்பது போல என்னைப் பார்த்தார்.

"ஐயா, 'ஏன்'னு கேட்டா அவங்க பதிலே சொல்ல வேண்டியதில்ல. ஏன்ங்கிறது யாரோ ஒருத்தர் மனசுல இருக்கு. மனசு ஃபைல்ல இருக்காது. நீங்க காகிதத்தக் கேளுங்க."

"என்ன காகிதம்?"

"பரீட்சை எப்படி வச்சாங்க?"

சொன்னேன். பயிற்சி பஸ்ஸில் ஆளுக்கு ஒரு புது ஆளை உட்கார வைத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தேர்வாளர் பின்சீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தார்.

"எழுதினார்ல? அதக் கேளுங்க."

பத்தே வரியில் முடித்தார். எந்த அலுவலகம், எந்தத் தேதியில் நடந்த தேர்வு, மதிப்பெண் தாள், தேர்வாளர் கைப்பட எழுதிய குறிப்பு, எனக்கும் சகலைக்கும் உரியவை மட்டும். கூடவே என் பணிக் கோப்பு முழுவதும். பத்தொன்பது வருடம் கீறல் இல்லை என்று முறையீட்டில் காட்ட வேண்டுமே. நகல் எடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் காசு, நேரில் பார்த்தால் இலவசம் என்றார். நேரில் பார்ப்பதாகவே எழுதச் சொன்னேன்.

"தபால்ல போடாதீங்க. நேர்ல குடுத்து, நகல்ல சீல் வாங்கிக்குங்க. அன்னையிலிருந்து முப்பது நாள் கணக்கு. பதில் வரலன்னா மேல்முறையீடு." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இதுல இன்னொருத்தர் சமாசாரமும் வருதே. பரவாயில்லையா?"

மனசாட்சியைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். பரவாயில்லை என்றேன். சீல் வாங்கிவிட்டேன். நெஞ்சு குளிர்ந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மனைவிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை ஊருக்கு வெளியே மாறிவிட்டது. மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நடுத்தெருவில் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். "ஸ்டியரிங்க நீங்களே வச்சுக்குங்க. எனக்கெதுக்கு?"

எதிரே குப்பை வண்டி வந்தது. திருப்பாமல் எப்படி விட முடியும்? அவள் கையைத் தட்டிவிட்டுத் திருப்பினேன், அவ்வளவுதான். இதற்குப் போய்—

வீடு வரை நடந்தே வந்தாள். நான் பக்கத்திலேயே காரை உருட்டிக்கொண்டு வந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

ஏப்ரல் 16, புதன்

இதை எழுதவே கூசுகிறது.

பணிமனை டீ அறையில் சகலை. கையில் அரசு முத்திரை போட்ட உறை. "அண்ணே, ஆபீஸ்லருந்து கடுதாசி வந்திருக்கு. நீங்க என் மார்க்கக் கேட்டிருக்கீங்களாம். எனக்கு ஆட்சேபணை உண்டா இல்லையான்னு கேக்குறாங்க."

இன்னொருவரைப் பற்றிய காகிதத்தைக் கேட்டால் அந்த இன்னொருவருக்கு எழுதிக் கேட்பார்களாம்! மனு எழுதின அம்மா கேட்டது இதைத்தான். நான் ஒரு முட்டாள். என் பெயர், என் விலாசம், என் கையெழுத்து, எல்லாம் அவன் கையில் இருந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேண்ணே. தாராளமா பாருங்க" என்றான். குத்தலே இல்லாத குரல். "எனக்கும்கூட..." என்று என்னவோ ஆரம்பித்தான். அப்புறம் டீயை ஊதிக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

சண்டை போட்டிருக்கலாமே. சட்டையைப் பிடித்திருக்கலாமே. நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். வேலையும் அவனுக்கு, பெருந்தன்மையும் அவனுக்கு. எனக்கு என்னதான் மிச்சம்?

ஏப்ரல் 20, ஞாயிறு

மனைவி காரைக் கேட்டாள். எதற்கு என்றேன். சகலை மைதானத்தில் சொல்லித்தருகிறானாம், தங்கையும் கூட வருகிறாளாம். சாவியைக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்ய?

இரண்டு மணி நேரம் ஜன்னலிலேயே நின்றேன். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "ஒரு தடவகூடக் கத்தலங்க."

ஏப்ரல் 27

இன்றும் போனார்கள்.

ஏப்ரல் 30, புதன்

கடிதம் வந்துவிட்டது. மே 6, காலை பதினொன்று. ஒரு மணி நேரம் பார்க்கலாம், பேனா கூடாது, பென்சில் மட்டும். மூன்று பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, எதிரே ஓர் எழுத்தர், அவருக்கு ஜலதோஷம். முதலில் மதிப்பெண் தாளை எடுத்து வைத்தார்.

நான்: ஓட்டும் திறன் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. கற்பிக்கும் திறன் ஐம்பதுக்கு இருபத்திரண்டு.

சகலை: ஓட்டும் திறன் நாற்பத்தொன்று. கற்பிக்கும் திறன் நாற்பத்தாறு.

கூட்டலைச் சரிபார்த்தேன். மூன்று தடவை. சரியாகத்தான் இருந்தது, பாவிகள்.

பிறகு குறிப்பு. என்னைப் பற்றி: "அருமையாக ஓட்டுகிறார். முப்பது நிமிடத்தில் பதினொரு முறை எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தார். கடைசிப் பத்து நிமிடம் பயில்பவரைச் சீட்டிலிருந்து எழுப்பிவிட்டுத் தாமே ஓட்டிக்காட்டினார்."

பதினொன்றா? பொய். நாலு இருக்கும். மிஞ்சிப்போனால் ஐந்து. கண்ணை மூடி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பால் வண்டி. பள்ளிக்கூட வாசல். ரவுண்டானா, அங்கே இரண்டு. நாய். ஒன்பது வரை வந்ததும் நிறுத்திவிட்டேன்.

சகலையைப் பற்றி: "ஒருமுறைகூட ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டி நடைபாதைக் கல்லில் உரசியபோதும் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். 'பின்னால எடுங்க, அவசரமில்ல' என்று மட்டும் சொன்னார். பயில்பவர் தாமே சரிசெய்தார்."

அந்த வரியை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ. கல்லில் உரசியிருக்கிறது, அதற்கு நாற்பத்தாறு மார்க்!

எழுத்தர் மூக்கைச் சிந்திவிட்டு, "இன்னொரு ஃபைலும் கேட்டிருந்தீங்களே" என்று என் பணிக் கோப்பைத் தள்ளினார். மேலாகப் புரட்டினேன். கடைசியில் மூன்று காகிதம் சேர்த்துக் குத்தியிருந்தது. நாலு வருடம் முந்திய தேதி.

முதல் காகிதம் ஒரு மனு. திருப்பி அனுப்பியதற்கான அதே அச்சடித்த இரண்டு வரி அதன் மேலேயே ஒட்டியிருந்தது. உள்ளே, "பதக்கம் அவருக்கு ஏன் கிடைத்தது? எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" கீழே சகலையின் கையெழுத்து.

இரண்டாவதும் சகலையின் மனுதான், திரும்பி வந்த அதையும் இணைத்து ஒழுங்காக எழுதியது. என் பதினைந்து வருட விபத்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமாம்.

என் ஃபைலை நோண்டியிருக்கிறான்! என்ன திமிர் இருந்தால்... என்று பொங்கிக்கொண்டு வந்தது. நான் எந்த நாற்காலியில் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்பதே ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

மூன்றாவது: "மேற்படி விவரங்களை அளிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." அடியில் என் கையெழுத்து. சத்தியமாக என்னுடையதுதான். மூலையில் டீக் கிளாஸ் வைத்த வட்டக் கறை.

அந்தக் காகிதத்தை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

மே 7, புதன்

மனைவியிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"நீங்க எதைத்தான் படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க? கேஸ் பேப்பரு, வரி பேப்பரு, ஸ்கூல் பேப்பரு, நான் நீட்டினா போடுவீங்க. அதோட சேத்து அதையும் நீட்டினேன்."

"எதுக்குடி?"

"அவரு ஒரு மாசமா வீட்ல யாருகிட்டயும் பேசலன்னு தங்கச்சி அழுதா. ராத்திரியெல்லாம் உக்காந்து உங்க பதக்கத்தப் பத்தியே தனியாப் புலம்பினாராம். கண்ணால பாத்தா அடங்கிருவாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணுச்சு."

"அடங்கினானா?"

"போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம். 'அண்ணன் நிஜமாவே ஒரு கீறல் போடலடி.' அன்னைக்குத்தான் ஒழுங்காச் சாப்ட்டாராம்."

பிறகு கேட்டேன், இந்தத் தடவை அவனுக்கு வந்த கடிதத்தில் தங்கைதான் கையெழுத்து வாங்கினாளா என்று.

"இல்ல. அவரே படிச்சிட்டு அவரே போட்டாரு."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஒருத்தன் என்னைப் பார்த்து ஒரு மாதம் வயிறெரிந்திருக்கிறான்! பதக்கம் வாங்கினபோதுகூட இத்தனை சந்தோஷம் இல்லை. அப்புறம் அந்தப் பதினொன்று ஞாபகம் வந்தது, சந்தோஷம் இறங்கிவிட்டது.

மே 19, திங்கள்

வண்டி ஓட்டும்போதெல்லாம் என் கைகளையே பார்க்கிறேன். கண்டக்டர் கேட்கிறார், "கையில அடிபட்டுருச்சா?"

ஜூன் 1, ஞாயிறு

முறையீட்டுக்கு நாளை மறுநாள் கடைசி. படிவம் அலமாரியில் இருக்கிறது. என்ன எழுதுவது? கூட்டல் சரியாக இருக்கிறதே.

பொறாமை போய்விட்டதா? இல்லை. அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் இன்னும் சுருக்கென்கிறது.

மச்சினி மதியம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மனைவி சாவியை எடுத்துக்கொண்டு, "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடினாள். சரி என்றேன்.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சிக்னலில் தாமதமாகப் பிரேக் போட்டாள். என் கால் தானாகத் தரையை அழுத்தியது, என் பக்கம் பிரேக் இல்லை. ஒரு தண்ணீர் லாரி உரசுவது போல ஒட்டிப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். கைகளை எடுக்கவில்லை. மரத்துப்போயின.

அவர்கள் வீடு வரை வந்துவிட்டோம். உள்ளே திருப்பும்போது இடப்பக்கம் கேட் கம்பத்தில் கர்ரென்று இழுத்தது. என் கதவு. ஒரு சாண் இருக்கும்.

அவள் உறைந்துபோனாள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் என் மேல். சத்தம் கேட்டுச் சகலை ஓடிவந்தான். கீறலைப் பார்த்தான். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"பின்னால எடு," என்றேன். "அவசரமில்ல."

எடுத்தாள்.