துக்க வாரத்தில் ஓய்ந்திருந்த அம்மி

அனுப்புநர்:
புஷ்பவள்ளி, காலஞ்சென்ற வேலுவின் மனைவி,
ஜெலுத்தோங், பினாங்கு.

பெறுநர்:
தொழிலாளர் கணக்கெடுப்புப் பொறுப்பதிகாரி அவர்கள்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.

பொருள்: வேலை செய்கிற என்னை வேலையில் இல்லாதவள் என்று பதிந்ததைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கணக்கெடுப்பு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று இருந்தவர்கள்: கேள்வி கேட்க வந்த செல்வநாயகி என்ற பெண், பதில் சொன்ன என் கொழுந்தன் ராமசாமி, வாசற்படியில் பக்கத்து வீட்டு மஹ்பூபா, பலகைச் சுவருக்கு உள்ளே நான். என் கணவர் இறந்து பத்தாம் நாள் அது. கருமாதி முடியும் வரை நான் வெளியார் முன் வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே எல்லாவற்றையும் காதால்தான் கேட்டேன். என் காது நன்றாகக் கேட்கும்.

2. அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பதினைந்து வயது முதல் அறுபத்து நான்கு வரை உள்ளவர்களில், நூற்றுக்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் அல்லது வேலை தேடுகிறார்கள் என்று பார்ப்பதாம். சொந்த வீட்டுச் சமையலும் பிள்ளை வளர்ப்பும் மட்டும் செய்கிறவர்கள் அதில் சேர மாட்டார்களாம். பிறகு, போன வாரம் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ராமசாமி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கணக்கெழுதும் ஸ்டோர் கிராணி. அண்ணன் சாவுக்கு லீவில் இருப்பதாகச் சொன்னார். "லீவு முடிஞ்சு திரும்பிப் போக வேலை இருக்குல்ல அங்கிள்? அப்ப வேலையில இருக்கீங்கன்னுதான் எழுதணும்" என்றார் அந்தப் பெண்.

3. அடுத்தது என் முறை. "அண்ணியா? அவங்க வீட்ல சும்மாதான் இருக்காங்க லா. போன வாரம் மூலையை விட்டே எழுந்திரிக்கல" என்றார் ராமசாமி. மஹ்பூபாவுக்குப் பொறுக்கவில்லை. "சும்மாவா? அக்கா அம்மி நின்னதுலேருந்து எங்க வீட்டு மீனு குழம்பையே பாக்கல" என்றார். "கவர்மெண்டு விஷயம், நீங்க கம்முனு இருங்க" என்று ராமசாமி அவரை அடக்கிவிட்டார்.

4. ஐயா, தாசேக் கெலுகோர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த வருடமே கூலிக்கு மசாலா அரைக்க உட்கார்ந்தேன். மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணத்து ரெண்டாங் கறிக்கு ஒன்று என்று உருண்டை பிடித்து வாழையிலையில் சுற்றி வைப்பேன். என் கணவர் துறைமுகத்தில் சரக்குப் படகில் மூட்டை இறக்குகிறவர். மல்லி வறுபடும் வாசம் வந்தால்தான் எழுந்திருப்பார். சைக்கிள் கூடையில் உருண்டைகளை அடுக்கி, வீடு வீடாகக் கொடுத்துவிட்டுத்தான் துறைமுகம் போவார். மழை வந்தால் சட்டையைக் கழற்றிக் கூடையை மூடுவார். அந்தச் சட்டையை எத்தனை துவைத்தாலும் சீரக வாசம் போகாது. படகுக்காரர்கள் 'கறிக்கடை வேலு' என்று கூப்பிடுகிறார்கள் என்று வந்து சொல்லிச் சிரிப்பார். இப்போதும் மல்லி வறுக்கும்போது யாரோ எழுந்து வருவது போலத் திரும்பிப் பார்க்கிறேன். ராமசாமியும் இந்த வீட்டில் வளர்ந்தவர்தான். மிளகாய் எரிகிற என் கையால்தான் அவருக்குச் சோறு பிசைந்து போட்டேன்.

5. துக்க வீட்டு மசாலாவை யாரும் வாங்க மாட்டார்கள், நானும் கொடுக்க மாட்டேன். குழவியைக் கழுவி எடுத்து வைத்திருந்தோம். அது என் லீவு. பதினாறு முடிந்த மறுநாளே மறுபடியும் அரைக்க உட்கார்ந்தேன். ஒரே சாவு, ஒரே வாரம். அவர் வேலையில் இருப்பவர், நான் இல்லாதவள் என்பது எந்த நியாயம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

6. கருமாதி கழிந்ததும் ராமசாமியை நிறுத்திக் கேட்டேன். "யாரு வந்து கேட்டாலும் அண்ணன் இப்படித்தான் சொல்வாரு அண்ணி. எண்பதாம் வருஷ மக்கள் தொகைக் கணக்குக்கு ஆளு வந்தப்பவும் இதையேதான் சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தேன்" என்றார். அன்றைக்கும் நான் பின்கட்டில் அரைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். கல் சத்தம் வாசல் வரை கேட்கும் வீடு இது.

7. நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த நூற்றில் வேலை செய்கிறவர்கள் பக்கம் என்னை மாற்றி எழுத வேண்டுகிறேன். சொன்னதை எழுதிய செல்வநாயகியைக் கண்டிக்க வேண்டாம். திருத்தியதை எழுத்தில் தெரிவித்தால் என் கணவர் படத்தின் முன் வாசித்துக் காட்டுவேன். ராமசாமி அண்ணன் சொல்லக் கேட்டதைத் திருப்பிச் சொன்னவர், அவரை விட்டுவிட்டேன். வேலுவை மன்னிக்க மாட்டேன்.

இடம்: ஜெலுத்தோங்
நாள்: 9.11.1987

இங்ஙனம்,
புஷ்பவள்ளி