மணி எட்டாத வீடு

எமல்டா அப்பாவுக்கு,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். சாளைக் குழம்பு சட்டியில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பால்காரர் வந்தால் நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நானும் எமல்டாவும் டவுனுக்குப் போகிறோம். அங்கே நம் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த ரெஜினா அக்காவுக்கு இன்று ஏழாம் நாள் பூசை. மெயின் ரோடு வரைக்கும் நடந்துபோய் பஸ் பிடித்துக்கொள்வோம்.

இந்தக் காலனியில் காலையில் ஸ்கூட்டரும் ஜீப்பும் ஆம்பளைகளோடு போய்விட்டால், சாயங்காலம் வரைக்கும் தெருவில் ஒரு மனுஷ முகம் கிடையாது. அமைதியான இடம் என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறீர்கள். அமைதிதான். நம் பழைய தெருவில் கோயிலில் துக்கமணி அடித்தால், உலையை இறக்கி வைத்துவிட்டு "யாருளா போனது?" என்று வாசலுக்கு ஓடுவோம். அந்த மணி இங்கே எட்டாது.

அக்கா போன அன்று, டவுன் ஆபீஸில் இருந்த உங்களுக்கு மணி காலையிலேயே கேட்டிருக்கிறது. ஆபீஸிலிருந்தே கல்லறைக்குப் போய் மண்ணும் போட்டுவிட்டு, விளக்கு வைத்த பிறகு வந்து சொன்னீர்கள். ஏன் வந்து கூப்பிடவில்லை என்று அழுததற்கு, "வண்டி இல்லாம நீ எப்படிளா வந்திருப்ப?" என்றீர்கள். எமல்டாவைப் பெற்றபோது ராத்திரியெல்லாம் என் பக்கத்தில் இருந்தவள் அவள். நடந்தே வந்திருப்பேன்.

இன்று அம்மா வீட்டில் தங்கிக்கொள்கிறோம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கூப்பிட வர வேண்டாம்.

பிரகாசி

குழம்பில் உப்பு கம்மி. பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த வீட்டில் கிடத்தி வைக்காதீர்கள். டவுனுக்குத் தூக்கிப் போய்விடுங்கள். எனக்கு அடிக்கிற மணியைக் கேட்டு நாலு பேராவது வாசலுக்கு வரட்டும்.