வரியின் முடிவை மட்டும் பார்த்தவள்

கடலுக்குப் புறப்படும்போதெல்லாம் என்னிடம் சொல்லிக்கொண்டு போன என் அண்ணனுக்கு,

நேற்று நான் செய்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நெஞ்சுவலியில் நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் போட்டையும் ஜிபிஎஸ் கருவியையும் என் வீட்டுக்காரர்தான் வைத்திருக்கிறார். போன வாரம் அந்தக் கருவி, நீ குறித்து வைத்த இடங்களை எல்லாம் மறந்துவிட்டது. உன் பழைய மடிக்கணினியிலிருந்து இரண்டு கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்தேன். ஒன்று நீ தட்டச்சு செய்த குறிப்பு, இன்னொன்று கருவியே எழுதி வைத்த இடங்கள். எடுத்த அன்றே மடிக்கணினியும் நின்றுபோனது.

என் ஆபீஸ் கணினியில் உன் குறிப்பைத் திறந்தால் வரிக்கு வரி கடைசியில் வேண்டாத ஒரு குறி. உன்னுடையது விண்டோஸ், என்னுடையது லினக்ஸ். உன்னுடையது வரியை முடிக்க இரண்டு குறிகளை வைக்கும், என்னுடையதற்கு ஒன்றே போதும். அதிகப்படியான அந்தக் குறிக்கு எண் பதின்மூன்று. இதெல்லாம் எனக்குத் தினப்படி வேலை என்ற திமிரில், ஒரே கட்டளையில் இரண்டு கோப்பிலும் பதின்மூன்றை அழித்தேன். நகல்கூட எடுக்கவில்லை.

உன் மச்சான் கருவியில் ஏற்றிப் பார்த்தார். "மொத எடமெல்லாம் சரியா வந்துடுச்சு செல்வி. காலைல போய்ட்டு வர்றேன்" என்றார். இன்று விடியுமுன்னே போய்விட்டார்.

காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் கணினியைத் திறந்தேன். திரையில் மேலே பழைய அளவு, கீழே புதிய அளவு. இடங்கள் இருந்த கோப்பு மூன்று பைட் குறைந்திருந்தது. அந்தக் கோப்பில் வரியே கிடையாது. அங்கே பதின்மூன்று என்பது ஏதோ ஓர் இடத்தின் கணக்கில் ஒரு பகுதி. ஒன்று போனால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்துவிடும். முதலில் இருப்பவை சரியாகத் தெரியும், மற்றவை எங்கோ போய்விடும்.

கடலடியில் மூழ்கிக் கிடக்கும் இரும்புச் சிதைவை நீ கடைசியில்தான் குறித்திருந்தாய். வலை சிக்கி உன் போட் கவிழப் பார்த்த இடம். இப்போது கருவியில் அங்கே வெறும் நீலம்தான் தெரியும். ஆபத்து இல்லை என்றுதான் அவர் நினைப்பார்.

போனில் அவர் கிடைக்கவில்லை. செருப்பில்லாமல் கரைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் வயர்லெஸ்ஸில் அவரைப் பிடித்துவிட்டு, "இன்னான்னு சொல்லணும்மா? எடத்தச் சொல்லு" என்றார். என்னிடம் எந்த எண்ணும் இல்லை. கையில் இருந்தது, நான் அச்செடுத்து வைத்திருந்த உன் குறிப்பு மட்டும். அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படித்தேன்.

கடைசி வரியில் எழுதியிருந்தாய்: "செல்வி, நான் இல்லாதப்ப மச்சான் போனா சொல்லு. தண்ணி டேங்கு மாதா கோயிலுக்குப் பின்னால மறையுற எடத்துல வலை வுடக் கூடாது."

கரையில் தெரியும் டேங்கையும் கோயிலையும் வைத்து, அந்த இரும்பு கிடக்கும் இடத்தைத்தான் சொல்லியிருந்தாய். அப்படியே படித்தேன். வயர்லெஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்: "டேங்கு பாதி மறைஞ்சிடுச்சு. வலைய வுட்டுக்கினு இருக்கேன். இரு, இழுத்துர்றேன்."

மதியம் கரையேறினார். என்னைத் திட்டவில்லை. வலையை உதறிக் காயப்போட்டார், அவ்வளவுதான்.

"நான் இல்லாதப்ப" என்று ஏன் எழுதினாய், அண்ணா? நெஞ்சு வலிப்பது உனக்கு அப்போதே தெரியுமா? அந்தக் குறிப்பு என் கைக்கு வந்து நான்கு நாள். குறிகளைச் சுத்தம் செய்தேனே தவிர, நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்ததைப் பார்க்கவே இல்லை.

நீ குறித்த மற்ற இடங்கள் போனது போனதுதான். அங்கே வேறென்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. போட் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கிறது. உன் மச்சான் பத்திரமாகத் திரும்பும் ஒவ்வொரு நாளும், அவர் பார்த்து வந்த இடங்களை உன்னைப் போல வார்த்தையில் எழுதி வைப்பேன். இனி எதையும் படிக்காமல் தொடமாட்டேன்.

நீ சொன்னதைத் தாமதமாகக் கேட்ட
உன் தங்கச்சி செல்வி