எதுவானாலும் சரி என்றாய்

திருப்பதி
ஜூன் 19

அன்புள்ள சீனுவுக்கு,

பிரியா எழுதுவது. டப்ளினில் மழை என்று ஃபோன் காட்டுகிறது. நனையாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீ வேலைக்குப் போய் ஐந்து மாதம். சாட்டில் எதைக் கேட்டாலும் லிங்க் அனுப்புகிறாய். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன். கடிதத்துக்கு லிங்க் பதிலாகாது என்று ஒரு நம்பிக்கை.

திங்கட்கிழமை நம் சர்வர் விழுந்துவிட்டது.

சித்தூர் கூழ் ஆலைக்கு இந்த சீசனின் டோக்கன் அன்றுதான் திறந்தது. யார் எந்த நாள், எத்தனை மணிக்கு மாம்பழ லோடு கொண்டுவரலாம் என்று ஃபோனிலேயே எடுக்கும் டோக்கன். ஆறு மணிக்குத் திறந்தது, ஆறு பத்துக்கு நின்றது. திரும்ப ஓட வைத்தேன். ஐந்து நிமிடம். மறுபடி நின்றது. மேனேஜர் சுரேஷ்பாபு நான்கு முறை ஃபோனில் கத்தினார். ஐந்தாவது முறை, கேட்டில் நின்ற டிராக்டர்களின் ஹாரன் பக்கம் ஃபோனைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் பிடித்துப் போனேன். டிராக்டர் வரிசை மெயின் ரோடு வரை வந்துவிட்டிருந்தது. காரணம் அங்கேதான் தெரிந்தது. பாகாலா பக்கத்து ஆள் ஒருவர், ஏழுமலை என்று பெயர், ஃபோனைக் காட்டினார். எங்க தெருவுல முப்பத்திரண்டு பேருக்கும் நாந்தாம்மா ஃபோனு, ஒவ்வொருத்தரா தட்டிக்கினு இருந்தா பழம் நிக்குமா என்றார்.

இந்த அறையில் உட்கார்ந்து நாம் நினைத்தது வேறு. ஒரு விவசாயி, ஒரு ஃபோன், ஒரு லோடு. நிறைய நிலம் உள்ளவர்களுக்காக ‘இன்னொரு லோடு’ என்று ஒரு பொத்தான் வைத்தாய். ஏழுமலை அதை முப்பத்தோரு முறை அமுக்கி, தெருவையே ஒரே தடவையில் அனுப்பிவிட்டார்.

சர்வரை எழுத நோட் (Node.js) என்று நீ தேர்ந்தெடுத்தபோது எனக்குச் சொன்ன விளக்கம் நினைவிருக்கிறது. டிபன் கடையில் ஒரே சப்ளையர். ஒரு மேசையிலும் நிற்காமல் ஆர்டர் எடுத்து உள்ளே கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டே இருப்பான், அதனால்தான் வேகம் என்றாய். சரிதான். ஆனால் பாஸ்புக் படத்தோடு டோக்கன் சீட்டு வரையும் வேலையையும் அவனிடமே கொடுத்திருக்கிறோம். முப்பத்திரண்டு சீட்டு வரையும் வரை அவன் அந்த ஒரு மேசையிலேயே நின்றான். மற்ற எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்றும் அசையவில்லை என்று ஏழுமலை மறுபடி அமுக்கினார். மறுபடியும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஏழுமலை இருக்கிறார், சீனு.

தாட்சாயணி என்று ஓர் அம்மா. டோக்கன் கிடைக்காமல் மூன்று நாள் வெயிலில் நின்றது அவருடைய தோத்தாபுரி மாம்பழ லோடு. இன்று பார்த்தால் பழம் குழைந்துவிட்டது. ஆலை எடுக்கவில்லை. ரோட்டோரம் கொட்டினார். நான்தான் கம்ப்யூட்டர்காரி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு கூடை எட்த்துக்கினு போம்மா, உன் கம்ப்யூட்டரு துன்னுதா பாரு என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது தெலுங்கில் வந்தது. அவர் தமிழ்க்காரர்.

சீசன் முடிவதற்குள் சரியாகாவிட்டால் சென்னைக் கம்பெனியைக் கூப்பிடுவாராம் சுரேஷ்பாபு. நம் கம்பெனிக்கு இருப்பது இந்த ஓர் ஆலைதான்.

நோடையே சரிசெய்யவா, வேறொன்றுக்கு மாறவா? எது என்று சொல். ஐந்து வரி போதும்.

பிரியா

·

திருப்பதி
ஜூலை 3

சீனு,

பதில் வந்தது. ஒரு வரி. கூடவே ஒரு லிங்க்.

சீட்டு வரைவதைத் தனி வேலையாகப் பிரித்துவிடு, இல்லாவிட்டால் உனக்கு வசதியானதுக்கு மாறிக்கொள், எதுவானாலும் சரி என்று எழுதியிருந்தாய்.

லிங்கைப் படித்தேன். பலமுறை. சொற்கள் எல்லாம் புரிகின்றன. நீ எழுதிய கோடிங்கில் எங்கே கை வைப்பது என்பதுதான் தெரியவில்லை. ஏழு இடங்களில் ‘இதை அப்புறம் பார்க்கலாம்’ என்று எழுதி வைத்திருக்கிறாய். நீ சொன்னபடி சீட்டு வேலையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே மணிக்கு இரண்டு லோடுகளுக்கு டோக்கன் போய்விட்டது. பழையபடி மாற்றிவிட்டேன்.

இப்போது காலையில் ஆலை கேட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து டோக்கன் எழுதித் தருகிறேன். ஏழுமலைக்குச் சிரிப்பு. இது படுத்துக்காதில்லம்மா என்கிறார்.

மாலையில் திருப்பதியில் ஜாவா வகுப்பு. எல்லோரும் என்னைவிட ஆறேழு வயது சின்னவர்கள், பெங்களூர் வேலைக்காகப் படிக்கிறவர்கள். எந்தக் கம்பெனி என்று சார் கேட்டார். சொந்தக் கம்பெனி என்றேன். எத்தனை பேர் என்றார். இரண்டு பேர் என்றேன். சொன்ன பிறகு வகுப்பு முடியும் வரை எதுவும் காதில் ஏறவில்லை.

ஆம், நோடுக்குப் பதில் ஜாவாதான். இங்கே தெருவுக்கு நாலு பேருக்குத் தெரியும். விழுந்தால் தூக்கிவிட ஆள் கிடைக்கும். எனக்கு அது போதும் போலிருக்கிறது. இந்த சீசனுக்குள் எழுதி முடிப்பேனா என்றால், மாட்டேன். அடுத்த சீசனுக்கு நமக்கு ஆலை இருக்குமா, தெரியாது.

கல்யாணமான புதிதில் ஜாவா என்று நான் சொன்னதற்கு, கொத்தமல்லி வாங்க லாரி எடுப்பாயா என்று கேட்டாய். திருமலைக்கு நடந்து ஏறப் போனபோது, அலிபிரி அடிவாரத்தில் தொடங்கிய சண்டை. முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் மூச்சு வாங்கியும் நீ விடவில்லை. பின்னால் வந்த ஒரு பெரியவர் கோவிந்தா சொல்லுங்க முதல்ல என்று அதட்டினார். அப்போதும் விடவில்லை.

இப்போது எதுவானாலும் சரி.

சர்வர் விழுந்ததுகூட எனக்குப் புரிகிறது, சீனு. இந்த வரி புரியவில்லை. திரும்பத் திரும்ப இதைத்தான் படிக்கிறேன்.

ஜாவா தப்பு என்று எழுது. ஏன் தப்பு என்று பத்து வரி எழுது. முட்டாள் என்று திட்டு. நான் கேட்கப் போவதில்லை, ஜாவாவில்தான் எழுதுவேன். ஆனாலும் எழுது.

மனோரமா அத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் செய்து என் பிள்ளை உன்னோடு பேசுகிறானா என்று கேட்கிறார். தினமும் பேசுகிறார் அத்தை என்கிறேன்.

பெருமாள் உன்னை நல்லபடி வைக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். ஒரு நாளாவது என்னைப் பொய் சொல்லாதவளாக்கு.

உன்
பிரியா