அழாத முகம்

சுங்குவார்சத்திரம்
19.11.1991

அன்புள்ள ஷாரோன்,

கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை விட்டபாடில்லை, அப்பாவுக்கு முதல் ஷிப்ட், மறைமலை நகர் பஸ்ஸுக்காக நாலரைக்கே எழுந்துவிடுகிறார். உப்பைக் குறைத்துக்கொள், நர்ஸுக்கே புத்தி சொல்கிறாளே என்று சிரிக்காதே. பெற்ற அம்மாவுக்குப் பிரசவத்தில் வந்தது எனக்கும் வருமோ என்று எழுதியிருந்தாய், அந்த வரியை அப்பாவிடம் படித்துக்காட்டாமல் தாண்டிவிட்டேன். ஆனால் ஞாயிறு நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆராதனை முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டுப் பரசுராமன் வாடகை வீடியோ டெக்கோடு வந்தார். நம்ம ஏரிக்கரையில எடுத்த படம்ணா, ஒரு வாரங்கூட ஓடல, இப்பதான் கேசட் மாட்டுச்சு, உங்களாண்டதான் டிவி கீது என்றார். அப்பா முகம் மாறியது. உனக்குத் தெரிந்த கதைதான். நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மா அந்தப் படத்தின் சாவுக் காட்சியில் அழப் போனாள், உன்னைப் பெற்றுவிட்டு அவள் போனதும், சாவில்லாமல் ஒப்பாரி வைத்துச் சாவைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்று ஊர் சொன்னது. அப்பாவும் அதை நம்பித்தான் இத்தனை வருடம் அந்தப் படத்தின் பேச்சையே எடுத்ததில்லை. அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லாத வீட்டுக்குத்தான் நான் வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

அவ மூஞ்சிய ஒரு தபா பாத்துடலாம் என்று கடைசியில் அப்பாவே சொன்னார், கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தோம். பிணத்தைச் சுற்றிப் பத்துப் பெண்கள், ஓரத்தில் ஒருத்தி. இதோ நம்ம ஷாரோன் என்று கத்திவிட்டேன், கத்திய பிறகுதான் அது உன் அம்மா என்று புரிந்தது. உன் நெற்றி, உன் தாடை, இப்போது உனக்கிருக்கும் அதே ஏழு மாத வயிறு. மற்றவர்கள் மாரில் அடித்துக்கொள்ள, அவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஒப்பாரி பிறகு யாரோ பாடிச் சேர்த்தது, பொத்திய அந்த வாயிலிருந்தும் வருவதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா மெதுவாக, அவ அழுவவே இல்ல ரெபேக்கா, சிரிச்சிகினு கீறா பாரு என்றார்.

திரும்ப ஓட்டி நிறுத்தினோம். நிறுத்தினால் படம் நடுங்குகிறது, அந்த நடுக்கத்தில் சிரிப்பு அடங்கி அவள் நேராக என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. அப்பாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். மூன்றாம் தடவை அவள் முகத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. நிறுத்த நிறுத்த டேப் தேயும் என்றார் பரசுராமன். அப்பா சட்டென்று டெக்கை அணைத்துவிட்டு, மிச்சம் ஷாரோனுக்கு இருக்கட்டும் என்றார்.

கடையில் பேசி அந்தக் கேசட்டையே வாங்கிவிட்டார். லீவு முடிந்து அங்கே திரும்பும் கண்ணப்பன் கொண்டுவருவார். உன் அம்மா எந்தச் சாவையும் கூப்பிடவில்லை, பயப்படாதே. தேவன் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக்கொள்வார். ஒரே தடவை பார், நடுவில் நிறுத்தாதே. உட்காரும்போது பக்கத்தில் கொஞ்சம் இடம் விடு.

உன் சித்தி,
ரெபேக்காள்