துடக்கு வீட்டில் நின்றுபோன எஞ்சின்

என் ஆசை அண்ணைக்கு,

உங்கள் எஞ்சின் நேற்று ஓடியது. ஒன்றரை நிமிடம்தான், பிறகு இருமி நின்றுவிட்டது. அதை ஓடிவந்து சொல்ல உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மண்ணெண்ணெய் இல்லாமல் பருத்தித்துறை வள்ளங்களெல்லாம் கரையில் கிடந்தபோதுதான் உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு சோலார் தகடு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து பிரியும் ஐதரசனில் ஓடுகிற ஒரு சின்ன எஞ்சின். "உவன் தண்ணியாலை வள்ளம் ஓட்டப்போறானாம்" என்று கரையே சிரித்தது. அரசாங்கம் ஐதரசன் ஆராய்ச்சிக்குப் பரிசுப் போட்டி அறிவித்ததும், வள்ளத்து எஞ்சின் திருத்துகிற நீங்களும் விண்ணப்பித்தீர்கள். படிவம் நிரப்பியது விஞ்ஞான ரீச்சரான நான்.

இறுதிச் சுற்றுக்கு எஞ்சினோடு கொழும்புக்கு வரும்படி கடிதம் வந்தபோது, டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாள். போட்டி, நீங்கள் போன இருபத்தைந்தாம் நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியாமல் சாவு வீட்டுத் தீட்டு, அந்தத் துடக்கு, கழியாதே.

"துடக்கோடை பரிசு வாங்க என்னெண்டு பிள்ளை போறது? ஊர் என்ன கதைக்கும்?" என்று அம்மா அழுதார்.

பழியை அம்மாமேல் போடமாட்டேன், அண்ணை. நீங்கள் இல்லாமல் அந்த எஞ்சினைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. துடக்கு எனக்கு நல்ல சாட்டாகிவிட்டது.

அந்தியேட்டி முடிந்த மறுநாள்தான் போட்டி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாள் தள்ளித் தந்திருப்பம், தங்கச்சி. எங்கடை வீடுகளிலையும் சாவு விழுறதுதானே" என்றார் அங்கிருந்த அம்மணி. பரிசு கொடுத்து முடிந்திருந்தது. கேட்டுப் பார்க்கலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவில்லை? நீங்கள் மூன்று வருடம் பட்ட பாட்டை, ஒரு போன் எடுக்காமல் நான் பாழாக்கினேன். நீங்கள் இருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பீர்கள். அதைக் கேட்கவும் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது மறுபடியும் விண்ணப்பம் கேட்கிறார்கள். இறந்தவர் பெயரில் அனுப்ப முடியாதாம்; என் பெயரில்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் நேற்று துணிந்து எஞ்சினைத் தொட்டேன். சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"அவன்தான் நிக்கிறான் எண்டு வந்தன்" என்றார். சூடு ஆறும்வரை எஞ்சினில் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த முறை நானே செத்துக் கிடந்தாலும் நீ போ, பிள்ளை. விளங்குதே?"

போவேன், அண்ணை. இது உங்கள் எஞ்சின் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கே அதை ஓட்டுவேன்.

உங்கள் ஒரே தங்கச்சி